வீட்டில் சொன்ன கதை வரலாறு ஆகுமா? தாத்தாவின் அரிசிக் கடை நோட்டு பற்றி

2025 ஜூன் 8, ஞாயிறு

ஒரு வாசகர் கேட்டது:

"என் தாத்தா 1964-இல் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர். வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பெரியப்பா சொல்வதும் அப்பா சொல்வதும் ஒட்டவில்லை. ரங்கூனில் குண்டு விழுந்தது கிறிஸ்துமஸ் அன்று என்கிறார் ஒருவர். அதற்கு இரண்டு நாள் முன்பே விழுந்துவிட்டது என்கிறார் இன்னொருவர். ஜப்பான்காரன் வந்தது, கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, நோட்டு செல்லாமல் போனது எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. தேதிகூடச் சரியாகத் தெரியாதவர்களின் கதையை எழுதி வைத்து என்ன ஆகப்போகிறது? பர்மாவிலேயே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்."

ஜூன் 8, இரவு

முதலில் அந்தத் தேதி. ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. மறுபடி விழுந்தது டிசம்பர் 25. உங்கள் பெரியப்பாவும் சரி, அப்பாவும் சரி. அவர்களுக்குச் சொன்னவர்கள் வேறு வேறு நாளில் பயந்து ஓடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவர் சொன்னதைத் தள்ளிவிட்டு மற்றவர் சொன்னதை மட்டும் வைத்திருந்தால் உங்கள் வீட்டில் ஒரு நாள் காணாமல் போயிருக்கும்.

நான் மோல்மீனுக்குத் தெற்கே முடோன் பக்கம் பிறந்து வளர்ந்தவள். 1965-ஐ ஒட்டித் தனியார் பள்ளிகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு எங்களுக்குத் தமிழ் என்றால் வீடும் கோயில் திண்ணையும்தான். அந்தத் திண்ணையில் படித்து, அதே திண்ணையில் இப்போது சாயந்திரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் தாத்தாவின் அரிசிக் கடை நோட்டு. உங்கள் கேள்விக்கு அதை வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும். இப்போது கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் தீரப்போகிறது. நாளை மறுநாள் எழுதுகிறேன்.

ஜூன் 10

நோட்டு என்றால் கடையில் வாங்கிய நோட்டு அல்ல. ரயில்வே பார்சல் ரசீதுகளைத் திருப்பிப் போட்டு நடுவில் சணல் நூலால் தைத்தது. ஒரு பக்கம் ஆங்கில அச்சு, அதில் 1941 என்ற வருஷம். வெறும் பக்கத்தில் கணக்கு. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. 22 தாள். கடைசி மூன்று தாளும் செல்லரித்து வலை மாதிரி ஆகிவிட்டன. பரணில் ஙாப்பி (புளித்த மீன் விழுது) சாடிக்குப் பக்கத்தில் எத்தனையோ வருஷம் கிடந்ததால் விரித்தால் இன்றைக்கும் அந்த வாடை வரும்.

நாக்கில் தொட்டு எழுதும் ஊதாப் பென்சிலால் எழுதியது. மழை ஒழுகிய இடங்களில் ஊதா நிறம் மேகம் மாதிரி பரவியிருக்கிறது. முதல் தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள்: ஒரு மீன், ஒரு வண்டிச் சக்கரம், ஒரு குடம், பெண்கள் போடும் கொண்டை, இரண்டு கோடு இறங்கிய ஒரு வட்டம். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து, சில இடத்தில் இரண்டு. அ, ரு, வ, உ, ங. அநேகமாக எல்லா வரிகளின் மேலும் குறுக்கே கோடு இழுத்து அடித்திருக்கிறது.

அப்பா எங்களுக்குச் சொன்ன விளக்கம் இது. அ என்றால் அரிசி. ரு என்றால் ரூபாய். வ என்றால் வரவு. ஜப்பான் காலத்தில் தாத்தா அரிசிக் கடை வைத்திருந்தார், கடனுக்குக் கொடுத்தார், வந்ததை அடித்துக் கழித்தார். வாங்கியவர்கள் மோன்காரர்களும் பர்மாக்காரர்களும் கரேன்காரர்களும் என்பதால், அவரவர் வந்து தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று படம் போட்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது அப்பாவின் முதுகு நிமிரும். ஊருக்கே சோறு போட்ட வீடு என்பார். நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம்.

ஜூன் 11

பழைய காகிதத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கி மூடாதீர்கள், எங்கள் ஊர் மழைக்கு உள்ளேயே வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும். செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் போடாமல், இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். காலிப் பக்கம் என்று எதையும் விடாதீர்கள். அந்தப் படத்தை வேறொரு ஊரில் இருக்கும் ஒருவருக்காவது அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில், ரங்கூனுக்குப் பக்கத்துச் சிரியத்தில் இருந்த எங்கள் சித்தி வீட்டில் கல்யாணப் போட்டோக்கள் இருந்த ட்ரங்குப் பெட்டியே போய்விட்டது. அதில் இருந்த அப்பத்தாவின் ஒரே படத்துக்கு எங்களிடம் நகல் கிடையாது.

ஜூன் 15, ஞாயிறு

அத்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்பாவுக்கு அக்கா, வயது 88. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி நல்ல ஞாபகம்.

பெரியவர்களிடம் போய் "ஜப்பான் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. பத்து வருஷத்துக்கு முன் நான் அப்படித்தான் கேட்டேன். "எனக்கு என்னத்தா தெரியும், நான் படிச்சவளா" என்று சொல்லிவிட்டு வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துவிட்டாள். இந்தத் தடவை, "அத்தை, அப்ப அடுப்புல என்ன வெந்துச்சு?" என்று கேட்டேன். இரண்டு மணி நேரம் பேசினாள்.

மரவள்ளிக் கிழங்கு. வாழைத்தண்டு. கையளவு அரிசிக்கு ஒரு பானை தண்ணீர். துணி கிடைக்காததால் கோணிச் சாக்கைப் பிரித்துப் பாவாடை. அது தொடையில் உராய்ந்து புண்ணாகி, தேங்காய் எண்ணெய்க்கும் வழியில்லாமல் அழுதது. வீட்டில் உருப்படியாக ஒரே ஒரு கைலி. அதைக் கட்டிக்கொண்டு யார் வெளியே போனாலும் மற்றவர்கள் அவர் வரும்வரை உள்ளேயே இருந்தது. "உங்கப்பன் அம்மணக்குண்டியா ரெண்டு வருசம் ஓடினான், இதை எழுதிக்க" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். என் போன் பதிவு செய்துகொண்டிருந்ததைப் பார்த்து, "இதுக்கு வயிறு நெறையவே நெறையாதா?" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

அப்புறம் அவளாகவே சொன்னது. சித்திரையில் பர்மாக்காரர்களின் தண்ணீர்த் திருவிழா. பிள்ளைகள் தண்ணீர் ஊற்றி விளையாடிக்கொண்டிருக்கும்போது லாரி வந்தது. தாத்தாவையும் தெருவில் இருந்த இன்னும் சில ஆண்களையும் ஏற்றிக்கொண்டு போனது. ரயில் ரோடு வேலைக்கு. அடுத்த பொங்கலுக்குத்தான் அவர் திரும்பி வந்தார். கெண்டைக்காலில் அழுகிய புண், எலும்பு தெரிந்தது. அப்பத்தா வெந்நீரில் வேப்பிலை போட்டுக் கழுவி, கோழி இறகால் மருந்து தடவுவாளாம். "அந்த இறகை அடுப்புச் சாம்பல்ல குத்தி வச்சிருப்பா. அதைக் கண்டாலே நான் வெளியே ஓடிருவேன்."

ஜூன் 16

ரயில் ரோடு என்றால் எது என்று கேட்டவருக்கு: சயாம் மரண ரயில்பாதை என்று நீங்கள் படித்திருப்பதுதான். எங்கள் பக்கத்து தன்புசாயத்தில் தொடங்கி சயாமில் (இன்றைய தாய்லாந்து) பான் போங் வரை 415 கிலோமீட்டர். ஜப்பான்காரர்கள் 1942-இல் தொடங்கி, 1943 அக்டோபரில் இரு பக்கத்துத் தண்டவாளங்களையும் இணைத்தார்கள். மலேயாவிலிருந்து கொண்டுபோன தமிழர்களைப் பற்றி மலேசியாவில் நிறையப் பேசுகிறார்கள். பர்மாப் பக்கத்திலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் பர்மாக்காரர்கள். அவர்களை வியர்வைப் படை என்று பெயரிட்டு அனுப்பினார்கள். நடுவில் எங்கள் ஆட்களும் போனார்கள்.

தன்புசாயத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. புல் ஒரே மட்டமாக வெட்டியிருக்கும். 3,000-க்கு மேற்பட்ட சிப்பாய்களுக்குக் கல். பெயர் தெரிந்த ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, படைப்பிரிவு. அதே பாதையில் செத்த ஆசியக் கூலிகள் அவர்களைப் போலப் பல மடங்கு. அந்தத் தோட்டத்தில் அவர்களுக்குக் கல் கிடையாது. கோயில் வகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப்போனேன். ஒரு பையன் வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டே போய், "டீச்சர், நம்ம பேர் எந்த வரிசை?" என்று கேட்டான்.

புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது என்று எழுதிய தம்பி, எங்கள் தாத்தா அந்தப் பாதைக்குப் போனார் என்பதற்கு அத்தையின் வாயைத் தவிர வேறு இடமில்லை.

ஜூன் 17

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. சித்திரையில் பிடித்துக்கொண்டு போய்ப் பொங்கலுக்குத்தான் விட்டார்கள் என்றால், நடுவில் அரிசிக் கடையை யார் நடத்தினார்கள்?

காலையில் அத்தைக்கு போன் போட்டேன். "கடையா? எந்தக் கடை?" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

பெரிய திருத்தம். ஜூன் 10-ஆம் தேதி நான் எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். ஆனால் அதில் நோட்டைப் படித்த விதம் முழுக்கத் தவறு.

காரைக்குடியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய பாட்டனார் ரங்கூனில் ஒரு பெட்டியடியில் (செட்டியார் வட்டிக் கடை) கணக்கெழுதியவர். நான் போட்ட படத்தைப் பார்த்ததும், "அம்மா, இது எழுத்தில்லை, தமிழ் எண்" என்கிறார். அ என்றால் 8. ரு என்றால் 5. உ என்றால் 2, ங என்றால் 3. வ என்றால் கால்.

தலையில் தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது. பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுக்கும் நான் அந்த அகரத்தையே எட்டு என்று படிக்கவில்லை. எங்கள் தலைமுறைக்குத் தமிழ் எண்ணை யாரும் கற்றுத்தரவில்லை, அப்பாவுக்கும் தெரியாது. ஆகவே மீனுக்குப் பக்கத்தில் இருந்தது அரிசி அல்ல, எட்டு. சக்கரத்துக்குப் பக்கத்தில் ரூபாய் அல்ல, ஐந்து. கொண்டைக்குப் பக்கத்தில் 'ங வ' என்று இருப்பது மூன்றேகால். வரவு என்ற சொல்லே நோட்டில் இல்லை.

படமும் எண்ணும் மட்டும்தான். 19 தாளில் ஒரு சொல்கூட இல்லை.

ஜூன் 23

ஒருவர் கேட்கிறார்: "கணக்கெழுதத் தெரிந்தவர் ஏன் பெயரை எழுதாமல் படம் போடுகிறார்?"

இதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஊரிலிருந்து வந்த கடிதங்களுக்கு அவர்தான் பதில் எழுதுவாராம்.

ஜூன் 29, ஞாயிறு

நோட்டையே எடுத்துக்கொண்டு போனேன். அத்தையின் கையில் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை மூக்குக்கு அருகே பிடித்து, விரலால் அந்த மீனைத் தடவினாள். "இது ஆத்தா போட்டது" என்றாள்.

அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பதிவுக் கார்டில் அவள் வைத்தது கைநாட்டு. ஆனால் அவளுடைய அப்பா சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன மளிகைக் கடை வைத்திருந்தாராம். ஆண் பிள்ளை இல்லாததால் கடைசி மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அளப்பதைக் கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எழுத்து வேண்டாம், எண் போதும் என்று விட்டுவிட்டார். பதினான்கு வயதில் கல்யாணமாகிக் கப்பலேறினாள். "ஆத்தாவுக்கு நம்பர் மட்டும் தெரியும். பேரு எழுதத் தெரியாது. அதான் மீனு, சக்கரம்னு போட்டு வச்சிருக்கா" என்கிறாள் அத்தை.

நான் அவளோடு இருபத்தைந்து வருஷம் இருந்திருக்கிறேன். ஒரு மடியில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். ஒரு நாள்கூட அவள் எண் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதத் தெரியாதவள் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டதால் அவள் கையில் யாரும் பென்சிலைக் கொடுக்கவில்லை. நோட்டைத் தாத்தாவுடையது என்று சொன்ன அப்பா பொய் சொல்லவில்லை. அவர் அப்போது மூன்று வயதுப் பிள்ளை. வீட்டில் நோட்டு ஒன்று இருக்கிறது, எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான், ஆகவே அவருடையது. நம் வீடுகளில் எத்தனை பெண்களின் காரியம் இப்படி ஆண்களின் பேரில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அத்தைக்கு அடையாளம் தெரிந்த படங்கள்: மீன் என்பது கருவாடு விற்ற மோன் பெண். சக்கரம், வண்டிக்காரர். குடம், தெருக்கோடியில் இருந்த தெலுங்கு அம்மா. கொண்டை, பக்கத்து வீட்டு மோன் பாட்டியின் தாயார். எண் எல்லாம் படி. பர்மாக்காரர்கள் பியி என்பதை எங்கள் வீட்டில் படி என்போம். எட்டுப் பால் டப்பா ஒரு படி, பதினாறு படி ஒரு கூடை. இரண்டு கோடு இறங்கிய வட்டம் மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

ஜூலை 3

நோட்டை விட்டுவிட்டு வேறொன்று. தாத்தா ஏன் 1942-இல் நடந்து ஊருக்குப் போகவில்லை என்று சிவகங்கையில் இருக்கும் என் சித்தப்பா மகன் கேட்டிருக்கிறான். அவன் தாத்தா, எங்கள் சின்னத் தாத்தா, ரங்கூனில் மூட்டை தூக்கியவர். மாந்தளை போய், தமு வழியாக மணிப்பூர் மலை ஏறி இம்பால் போய்ச் சேர்ந்தவர். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பாதை, நமக்கு ஒரு பாதை என்று பிரித்துவிட்டார்கள் என்பதைக் கடைசி வரை சொல்லுவாராம். அந்த வருஷம் பர்மாவை விட்டுக் கிளம்பிய நம்மவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர்.

அவர்கள் வீட்டுக் கதை: "மூத்தவர் உழவு மாட்டை விட்டு வர மாட்டேன்னுட்டார்." எங்கள் அப்பா சொன்ன கதை: கையில் காசில்லை. இரண்டையும் அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"ஆத்தாவுக்கு அப்ப எட்டு மாசம்" என்றாள்.

எனக்குத் தெரிந்து அப்பாவுக்குப் பிறகு பிள்ளையே இல்லை. ஒன்று இருந்திருக்கிறது. பெண். தாத்தா ரயில் ரோட்டில் இருந்தபோது போய்விட்டது. பெயர் வைத்தார்களா என்று கேட்டேன். வைத்தார்கள், சொன்னாள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். மற்றதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுது, 83 வருசம் ஆச்சு" என்றாள். இப்படிப்பட்ட விஷயத்தைப் பதிவு பண்ணிக்கொண்டு வந்தோம் என்பதற்காக அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இனி வரைபடம். மோல்மீன் ஜப்பான்காரர் கையில் விழுந்தது 1942 ஜனவரி 31. சித்தாங் ஆற்றுப் பாலத்தை ஆங்கிலேயரே உடைத்தது பிப்ரவரி 23. ரங்கூன் விழுந்தது மார்ச் 8. ரங்கூனில் இருந்த தம்பிக்குக் கிளம்பிப் போகக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. சித்தாங்குக்குக் கிழக்கே இருந்த அண்ணனுக்குத் தயாராவதற்குள் சண்டை வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. மாடு, காசு, எட்டு மாதம், பாலம். இதில் எது காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி, யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டு சின்னப் பதில்கள்.

பர்மாத் தமிழர் என்றாலே செட்டியார்கள்தானே என்கிறவருக்கு: அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறது, ஏனென்றால் அவர்கள் கையில் கணக்கு இருந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது, நெல் விலை விழுந்து கடன்காரர்களின் நிலம் கைமாறியதில் 1938-இல் 25 பங்கு ஆனது. இது அரசாங்க அறிக்கையிலேயே இருக்கிறது. அந்த நிலத்தில் நட்டவர்கள், அறுத்தவர்கள், மூட்டை சுமந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பது எந்த அறிக்கையில் இருக்கிறது? அவர்கள் வீட்டுப் பரணில் தேட வேண்டியதுதான்.

பண நோட்டு செல்லாமல் போனதைப் பற்றி: 1964 மே 17-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். உங்கள் தாத்தா கப்பலேறிய வருஷம். ஆனால் இங்கேயே தங்கிவிட்ட எங்களுக்கு அது ஒரு தடவையோடு முடியவில்லை. 1987 செப்டம்பர் 5-இல் 25, 35, 75 கியாட் நோட்டுகள் போயின, அதற்கு மாற்றுப் பணமும் கிடையாது. அப்பத்தாவின் தலையணைக்குள் 75 கியாட் நோட்டு மூன்று இருந்தது. ரேடியோவில் கேட்டபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஜப்பான்காரன் அச்சடித்த ரூபாய் நோட்டுகளை வைத்திருந்த அதே டப்பாவில் இதையும் மடித்துப் போட்டு மூடினாள். அந்த டப்பா என் அண்ணன் வீட்டில் இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு மோன் பாட்டியிடம் நோட்டைக் காட்டினேன். எங்கள் அத்தையை விட எட்டு வயது சின்னவர், போர் முடியும்போது பிறந்தவர், தன் தாயார் சொன்னதைத்தான் அவரால் சொல்ல முடியும். அந்தக் கொண்டைப் படத்தைக் காட்டி, இது உங்கள் அம்மா, எங்கள் அப்பத்தா உங்கள் அம்மாவுக்கு மூன்றேகால் படி அரிசி கொடுத்திருக்கிறார் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் நோட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். மெதுவாக, நான் வருத்தப்படக் கூடாதே என்பது போலச் சொன்னார். "எங்கள் அம்மா சொன்னது வேறு. ஜப்பான் காலத்தில் உங்கள் பாட்டி புருஷன் இல்லாமல், கைக்குழந்தையோடு எங்கள் படியில் வந்து நின்றாராம். எங்கள் வீட்டில் வயல் இருந்தது. நாங்கள்தான் கொடுத்தோம்."

வீட்டுக்கு வந்து நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கொடுத்தது என்று எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. வ என்பதை வரவு என்று படித்ததால்தான் நமக்கு வரவேண்டியது என்று நினைத்தோம். அது கால் என்று தெரிந்த பிறகும் நினைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. கணவனை லாரியில் ஏற்றிக்கொண்டு போன ஒரு கூலிக்காரப் பெண், மூன்று பிள்ளைகளோடு, மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துக்கொண்டு, ஊருக்கு எட்டுப் படியும் ஐந்து படியும் கடன் கொடுத்தாள் என்று எப்படி நம்பினோம்? கருவாடு விற்றவள், வண்டிக்காரர், தெலுங்கு அம்மா, எல்லோரிடமும் அவள் வாங்கியிருக்கிறாள். வாங்கியதை மறக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறாள். திருப்பிக் கொடுத்ததை அடித்திருக்கிறாள்.

ஜூலை 14

அப்பா உயிரோடு இருந்தால் இதைச் சொல்லியிருப்பேனா? நேற்றிரவு முழுக்க இதுதான் மனதில். ஊருக்கே சோறு போட்ட வீடு என்று அவர் நிமிர்ந்து உட்காருவது கண்ணிலேயே நிற்கிறது. கலா, கலா (இந்தியர்களை இளக்காரமாகச் சொல்லும் பர்மியச் சொல்) என்று தெருவில் கேலி செய்யப்பட்டு வளர்ந்த ஒரு பையனுக்கு அந்தக் கதை தேவையாக இருந்தது. அது எங்கிருந்து வந்தது, யார் முதலில் சொன்னது என்றும் யோசித்தேன். அப்பத்தாவேதான் விட்டிருப்பாள் என்று எனக்குப் படுகிறது. மகன் தாத்தாவின் கடை என்று சொன்னபோது அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்திருப்பாள். இல்லை என்று சொல்லவில்லை.

அப்பாவின் கதையை நான் தூக்கி எறியவில்லை. அதற்குத் தனித் தாள் போட்டு எழுதியிருக்கிறேன். ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இனி அப்பத்தாவின் கடனைத்தான் சொல்வேன். ஊர் எங்களுக்குச் சோறு போட்டது. மோன் வீடு, தெலுங்கு வீடு, வண்டிக்காரர் வீடு.

கேள்வி கேட்ட தம்பிக்கு ஒன்று. உங்கள் பெரியப்பாவும் அப்பாவும் இருக்கும்போதே அடுத்த வீட்டுக்காரர்களையும் தேடுங்கள். தஞ்சாவூர் பர்மா காலனியிலோ வியாசர்பாடியிலோ மணிப்பூர் மோரேயிலோ அதே தெருவில் இருந்தவர்கள் யாராவது கட்டாயம் இருப்பார்கள். நம் வீட்டுக் கதையில் நாம் எப்போதும் கொடுத்தவர்களாகத்தான் இருப்போம்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது, கோயிலில் கஞ்சி வேலை. ரொம்ப எழுத நேரமில்லை. ஆனால் அந்த வட்டம் தெரிந்துவிட்டது.

பத்தொன்பதாம் தாளில், படிக்க முடிகிற கடைசி வரி: இரண்டு கோடு இறங்கிய வட்டம், பக்கத்தில் ரு. ஐந்து. நோட்டில் அடிக்கப்படாத ஒரே வரி அதுதான். மோன் பாட்டியிடம் காட்டினேன். அவர் யோசிக்கவே இல்லை. தோளில் வார் மாட்டுவது போலக் கையைக் காட்டினார். பொங்கியின், அதாவது புத்தத் துறவியின், பிச்சைப் பாத்திரம். இரண்டு கோடும் அதன் வார். ஊர்க்கோடியில் இருக்கும் பொங்கி மடம்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. தீபாவளியை ஒட்டி வரும் பௌர்ணமிக்குப் பர்மாக்காரர்கள் வீடெல்லாம் விளக்கேற்றுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அன்று காலையில் அப்பத்தா குளித்து, திருநீறு பூசி, அரிசியை அளந்து துணியில் கட்டி என் தலையில் வைத்து அந்த மடத்துக்குக் கூட்டிப்போவாள். எனக்கு ஏழெட்டு வயது. ஏன் போகிறோம் என்று அப்போது கேட்கவில்லை. அவள் பால் டப்பாவால் வழித்து வழித்து அளப்பது நினைவிருக்கிறது. ஒரு படி, ஒரு விரல் மடக்குவாள். ஒரு கை விரலும் மடங்கியதும் நிறுத்திவிடுவாள்.

இத்தனை வருஷம் கொடுத்தும் ஏன் அந்த வரியை அடிக்கவில்லை என்று இருவரிடமும் கேட்டேன். மோன் பாட்டி, "மடத்தில் வாங்கியதைக் கடன் என்று சொல்ல மாட்டார்கள், அடிக்கவும் முடியாது" என்றார். அத்தை, "ஊதாப் பென்சில் தீர்ந்து போயிருக்கும்த்தா, அப்ப எங்க கெடைச்சுது" என்றாள்.

இரண்டையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.